தொடக்க ஏற்றி அமரும் இடம்

பள்ளிக் கணிப்பொறி ஒன்றில் விண்டோஸ் இயங்குகிறது எனக் கொள்வோம். அதற்கு ஊறு நேராவண்ணம் லினக்ஸை வெளிவட்டு ஒன்றில் நிறுவ ஆசிரியர் கருதுகிறார். நிறுவலும் தடையின்றி முடிகிறது. ஆயின், வெளிவட்டைக் கழற்றியதும் விண்டோஸ் எழுவதில்லை. திரையில் 'கிரப்' என்னும் சொல் மட்டுமே நிற்கிறது. கோப்புகள் அழியவில்லை; பூட்லோடர் எனப்படும் தொடக்க ஏற்றி உள்வட்டில் எழுதப்பட்டுவிட்டது. அதுவே காரணம்.

இயங்குதளத்தை வட்டிலிருந்து நினைவகத்திற்குக் கொணர்வது இவ்வேற்றியின் பணி. பயாஸ் முறையில் இதன் இடம் வட்டின் முதற்கூறு ஆகும். அதன் அளவு 512 பைட்டுகள். வட்டுப்பகுதிகளின் அட்டவணைக்கு 64, அடையாளத்திற்கு 2 போக, நிரலுக்கு எஞ்சுவன 446 பைட்டுகளே. எனவே கிரப் தன் தொடக்கத்தை மட்டும் அங்கும் அதையடுத்த வெற்றிடத்திலும் வைத்து, ஏனையவற்றை லினக்ஸ் உள்ள பகுதியில் வைக்கிறது. அவ்வட்டு அகன்றால் ஏற்றி பாதிவழியில் நின்றுவிடும்.

பின்வந்த யூ.இ.எஃப்.ஐ. முறை இந்நெருக்கடியைத் தளர்த்தியது. இதற்கென அமைந்த தனி வட்டுப்பகுதியில் ஒவ்வோர் இயங்குதளமும் தனக்குரிய அடைவில் ஏற்றியை வைக்கலாம். ஒன்று மற்றொன்றை அழிக்க வேண்டுவதில்லை. எனினும் வட்டுகள் இரண்டாயின், எதிலுள்ள பகுதியில் வைப்பது என்னும் வினா எஞ்சுகிறது.

இவ்வினாவை நிறுவிகள் ஒரே வகையில் கையாளவில்லை. பயாஸ் முறையில் டெபியனின் நிறுவி, வட்டுகளைப் பட்டியலிட்டு வெளிப்படையாகக் கேட்கிறது. ஓப்பன்சூசே நெடுங்காலம் பயன்படுத்திய யாஸ்ட், நிறுவலுக்கு முன் காட்டும் சுருக்கத்தில் ஏற்றிக்கும் ஒரு தலைப்பு அளித்தது. உபுண்டுவின் முன்னைய நிறுவியான யுபிக்விட்டி, கைமுறைப் பகுப்புத் திரையின் அடியில் இத்தேர்வை வைத்தது. ஆயினும் யூ.இ.எஃப்.ஐ. கணிப்பொறிகளில் அத்தேர்வைப் பொருட்படுத்தாமல், முதல் வட்டிலேயே ஏற்றியை எழுதிய குறை அதில் இருந்தது. கேட்காதிருத்தலினும், கேட்டுவிட்டு வேறு செய்தல் பயனரைப் பெரிதும் ஏமாற்றும்.

ஆதலின் நிறுவுவோர் மூன்றினை மனத்திற் கொள்ளல் நன்று. வட்டுகளை எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்னும் பெயர்களால் அன்றி, கொள்ளளவாலும் தயாரிப்புப் பெயராலும் அடையாளம் காண்க, அப்பெயர்கள் மாறக்கூடியவை. இயலுமாயின், நிறுவும்போது உள்வட்டின் இணைப்பை நீக்கி வைக்கவும். இறுதியில் வெளிவட்டைக் கழற்றி, விண்டோஸ் எழுகிறதா எனச் சோதித்த பின்னரே கணிப்பொறியை வகுப்பிற்கு அனுப்புக. யூ.இ.எஃப்.ஐ. கணிப்பொறியில் பிழை நேர்ந்திருப்பினும் அஞ்ச வேண்டியதில்லை. கணிப்பொறியின் தொடக்கப் பட்டியலில் விண்டோஸின் ஏற்றியைத் தேர்ந்தால் பெரும்பாலும் அது மீண்டும் எழும்.