பார்த்தலும் பாராமுகமும்

"மாட்டைப் பார்", "பிள்ளையைப் பார்", "அம்மாவை இப்ப ஆர் பார்க்கிறது?" என்று நாம் அன்றாடம் பேசுகிறோம். இங்கே பார்ப்பது கண்ணின் வேலை மட்டுமல்ல. தீனி போடுவது, குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது யாவும் அதற்குள் அடங்கும். தெரிந்துகொண்டே இவற்றிலிருந்து முகத்தைத் திருப்புவதுதான் பாராமுகம்.

கவலையீனம் வேறு. கவலை என்றால் இன்று மனவருத்தம் என்றே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் கவலையீனம் என்பது வருத்தமின்மையல்ல, கவனக்குறைவு. மண்ணெண்ணெய்ப் போத்தலைக் குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைப்பது கவலையீனம். அதில் கெட்ட எண்ணம் இல்லை.

முறைப்பாடு எழுதும்போது இந்த வேறுபாடு முக்கியம். பதிவில் உங்கள் குடும்பத்தின் பெயர் தவறிப்போனால் அது கவலையீனமாக இருக்கலாம். மூன்று கடிதம் கொடுத்தும் பதிலில்லையென்றால் பாராமுகம் என்று எழுதுங்கள்; கடிதங்களின் திகதிகளையும் சேர்த்து எழுதுங்கள். திகதியில்லாத குற்றச்சாட்டை ஒருவரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

ஊரில் விடியமுன் தோட்டத்துக்கு இறைக்கப் போன மனிதர், இடம்பெயர்ந்த இடத்தில் ஒரு மிளகாய்க் கன்றுக்கும் தண்ணீர் ஊற்றாமல் இருப்பார். "அக்கறையில்லாத ஆள்" என்று அயல் சொல்லிவிடும். மண் தன்னுடையதல்ல, அடுத்த போகம் எங்கேயென்றும் தெரியாது. இதற்குச் சரியான சொல் ஏலாமை. அவருக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை. இரண்டு நாள் கூட நின்று பாத்தி கட்டிக்கொடுத்தால் பயனுண்டு.

இன்னொரு சொல் கைவிடுதல். 1995 இல் வலிகாமத்திலிருந்து வெளியேறியவர்கள் வீட்டையும் காணியையும் "விட்டிட்டு வந்தனாங்கள்" என்பார்கள். விண்ணப்பத்தில் அதைக் "கைவிட்டோம்" என்று எழுதினால், உரிமையையே நாமாக விட்டதுபோல வாசிக்க இடமுண்டு. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, உரியவருக்கு எதிராக 10 வருடம் தடையின்றிக் காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். ஆயுதக் குழுக்களின் செயல்களால் வழக்குத் தொடர முடியாதிருந்தவர்களுக்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காதிருக்க 2016 இல் ஒரு சட்டம் இடமளித்தது. அது தந்த குறுகிய அவகாசம் கடந்துவிட்டது. ஆகவே சொல்லில் இன்னும் கவனம் தேவை. "இன்ன திகதியில் வெளியேற நேர்ந்தது, காணியைப் பார்க்கும்படி இன்னாரிடம் சொல்லியிருந்தோம்" என்று, நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள்.