துப்பாக்கிக் குழலுக்குள் துணி சிக்கிவிட்டதா? அவசரப்படாதீங்க!

பயிர்ப் பாதுகாப்புக்காகவோ தற்காப்புக்காகவோ உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம் மாநிலத்தில் பல ஊர்களில் இருக்கிறார்கள். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால், காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ அது சில வாரங்கள் இருந்துவிட்டு வீட்டுக்கு வரும். வந்ததும் முதல் வேலை, குழலைச் சுத்தம் செய்வதுதான். கம்பியில் துணியைச் சுற்றி உள்ளே விடுகிறோம். பாதி வழியில் துணி நின்றுவிடுகிறது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இப்போ என்ன செய்வது?

இது சின்னப் பிரச்சினைதான். பொறுமையாகச் செய்தால் பெரும்பாலும் வீட்டிலேயே சரியாகிவிடும். அவசரப்பட்டால்தான் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

சுட்டுத் தள்ளலாமா? கூடவே கூடாது!

"ஒரு தோட்டா போட்டுச் சுட்டால் துணி தானா வெளியே போயிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. கார் டயரில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. ரைஃபிள் சுடும்போது குழலுக்குள் உண்டாகும் அழுத்தமோ பல ஆயிரம் பவுண்டு. வழியில் அடைப்பு இருந்தால் குண்டின் வேகம் தடைப்படும், பின்னால் வரும் வாயுவின் அழுத்தம் சட்டென்று எகிறும். குழல் அந்த இடத்தில் வீங்கலாம், வெடித்துச் சிதறவும் செய்யலாம். சுடுபவரின் கையும் முகமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். குண்டை எடுத்துவிட்டு மருந்தை மட்டும் வைத்துச் சுடுவதும் இதே அளவு ஆபத்துதான்.

துணி ஏன் சிக்குகிறது?

ரைஃபிள் குழலின் உள்ளே சுருள் வரிகள் இருக்கும். நம் ஊரில் பலரிடம் உள்ள .315 ரைஃபிளின் குழல் உள்விட்டம் சுமார் 8 மில்லிமீட்டர்தான். அந்தச் சின்ன இடத்தில் துணி கொஞ்சம் தடிமனாக இருந்தாலே இறுகிவிடும். எண்ணெய் படாத காய்ந்த துணி, உள்ளே பிடித்திருக்கும் துரு இரண்டும் இன்னும் இறுக்கும்.

முக்கியமான காரணம் இன்னொன்று. துணி மறுமுனைக்கு வெளியே வருவதற்கு முன்பே கம்பியைப் பின்னால் இழுத்துவிடுகிறோம். அப்போது துணி கம்பி முனையிலிருந்து நழுவி மடிந்து, கம்பிக்கும் குழலுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி உட்கார்ந்துவிடும். 12 போர் துப்பாக்கியில் சுருள் வரி கிடையாது. ஆனால் பல துப்பாக்கிகளில் குழல் வாய்க்கு அருகே விட்டம் குறுகும். பின்பக்கம் சுலபமாகப் போன துணி அங்கே போய் மாட்டிக்கொள்ளும்.

எடுப்பது எப்படி?

1. முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்க. மேகசினையும் போல்ட்டையும் கழற்றி வையுங்க. தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் பூட்டி இருக்கட்டும். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

2. துணி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்க. கம்பியை ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக விட்டு, முட்டும் இடத்தில் கம்பி மேல் டேப் ஒட்டி அடையாளம் வைக்கலாம். அடுத்த பக்கத்திலிருந்தும் அதேபோல் அளந்தால் துணி எங்கே, எவ்வளவு நீளத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

3. துரு இளக்கும் எண்ணெயைத் துணி மேல் படும்படி சில சொட்டு விடுங்க. குழல் வாய் வழியாக விட்டால் அந்த முனை மேலே இருக்கட்டும். அதிகமாக ஊற்றினால் வழிந்து விசைப் பகுதிக்கும் கட்டைக்கும் போய்விடும். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுப்பாகிவிடும். அரை மணி நேரம் பொறுங்க. ரொம்ப இறுகியிருந்தால் ஓர் இரவு முழுக்க ஊறட்டும். ஊறும் நேரத்திலும் துப்பாக்கி பூட்டிய இடத்திலேயே இருக்கணும்.

4. துணி எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போனதோ, அந்தப் பக்கமாகவே திருப்பித் தள்ளுங்க. அது ஏற்கெனவே கடந்து வந்த வழி என்பதால் தடை குறைவு. அதாவது, பின்பக்கம் வழியாகப் போயிருந்தால் இப்போ குழல் வாய்ப் பக்கத்திலிருந்து தள்ளணும். இணைப்பு இல்லாத ஒரே நீளப் பித்தளைக் கம்பி நல்லது. முனை தட்டையாக, குழல் அளவுக்குச் சற்றே சிறியதாக இருக்கட்டும். கூர்முனை துணியைக் குத்தி இன்னும் இறுக்கிவிடும்.

5. நேராகப் பிடித்துச் சீராக அழுத்துங்க. நகரவில்லை என்றால் பிளாஸ்டிக் சுத்தியலால் லேசாகத் தட்டலாம். கம்பி குழல் வாயின் விளிம்பில் உரசக் கூடாது. அங்கே கீறல் விழுந்தால் குறி தவறும்.

துணியோடு கம்பியும் சேர்ந்து மாட்டியிருந்தால் கம்பியை முறுக்கி இழுக்காதீங்க. திருகு இணைப்புள்ள கம்பியாக இருந்தால் உள்ளேயே முறிந்துவிடும். எண்ணெயில் ஊறிய பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு கம்பியை விட்டு மெதுவாகத் தட்டித் தள்ளணும்.

இதையெல்லாம் செய்யாதீங்க

கட்டுக்கம்பி, குடைக்கம்பி, ஸ்க்ரூடிரைவர் எதையும் உள்ளே விடாதீங்க. துணியை எரிக்க நெருப்பு காட்டாதீங்க. டிரில் போடவே கூடாது. பஞ்சர் கடை கம்ப்ரசரில் காற்றடிப்பதும் வேண்டாம். உள்ளே இருப்பது எந்த வேகத்தில் பாயும் என்று சொல்ல முடியாது.

குழல் வாய் வழியாக மருந்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கியா? அதன் பின்பக்கம் அடைபட்டிருக்கும். உள்ளே பழைய மருந்து இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதில் நீங்களாக முயற்சி செய்யாமல் நேரே பழுது பார்ப்பவரிடம் போவதுதான் சரி.

வரவில்லை என்றால் யாரிடம் போவது?

இரண்டு, மூன்று முறை முயன்றும் நகரவில்லை என்றால் நிறுத்திவிடுங்க. பலர் நேராகப் பக்கத்து லேத் பட்டறைக்குத்தான் எடுத்துப் போகிறார்கள். அது சட்டப்படி தவறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுது பார்க்கும் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவரிடம் துப்பாக்கியை விட்டு வந்தால் அவருக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல். உரிமம் இல்லாமல் குழலை வெட்டிக் குட்டையாக்குவதும் 6-வது பிரிவின்படி குற்றம்.

உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரின் உரிமத்தைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கொடுங்க, ரசீது கேட்டு வாங்குங்க. உங்கள் பகுதியில் யார் என்று தெரியவில்லையா? உங்களுக்கு உரிமம் வழங்கிய அலுவலகத்தில் விசாரியுங்க. எடுத்துப் போகும்போது தோட்டா இல்லாமல், உறையில் போட்டு, உரிமத்தையும் கூடவே கொண்டு போங்க. உங்கள் உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பதையும் கிளம்பும் முன் பாருங்க.

உடல்நிலை சரியில்லை, மகனிடம் கொடுத்து அனுப்பலாமா? பழுது பார்க்க எடுத்துச் செல்வதற்கு, உரிமதாரர் கூடவே இருந்தாலோ எழுத்துப்பூர்வமாக அனுமதி கொடுத்தாலோ இன்னொருவர் கொண்டு செல்ல 3-வது பிரிவு இடம் தருகிறது. வாய்வார்த்தை போதாது, கையெழுத்திட்ட கடிதம் வேண்டும்.

வெளியே வந்த பிறகு

துணியை விரித்துப் பாருங்க, முழுசாக வந்திருக்கிறதா? போல்ட் இல்லாத நிலையில் பின்பக்கம் மொபைல் டார்ச்சைக் காட்டி, குழல் வாய் வழியாகப் பாருங்க. வெளிச்சம் முழு வட்டமாகத் தெரியணும். நடுவில் வளையம் போல் கருநிழல் தெரிந்தால் குழல் வீங்கியிருக்கலாம். பழுது பார்ப்பவர் சொல்லும்வரை சுடாதீங்க. உள்ளே விட்ட எண்ணெயைக் காய்ந்த துணியால் முழுக்கத் துடைத்து எடுங்க. எண்ணெய் மிச்சமிருந்தாலும் சுடும்போது அழுத்தம் கூடும். போட்டோ எடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவதாக இருந்தால் ஒரு நிமிடம் யோசியுங்க: துப்பாக்கி எண்ணும் உரிம எண்ணும் ஊருக்கே தெரிய வேண்டாமே!

அடுத்த முறை சிக்காமல் இருக்க

தையல் ஓரம் இல்லாத மெல்லிய பருத்தித் துணி போதும். ஒரு முறைக்கு ஒரே துணி. முதல் துணி எண்ணெயில் நனைந்திருக்கட்டும். உள்ளே விடும்போதே கை வலிக்க அழுத்த வேண்டியிருந்தால், வெளியே எடுத்து ஓரத்தைக் கொஞ்சம் வெட்டுங்க. பாதி வழியில் திருப்பாமல், துணி மறுமுனையில் வெளியே வந்த பிறகுதான் கம்பியை இழுக்கணும். எத்தனை துணி உள்ளே போனதோ, அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணிவிட்டுத் துப்பாக்கியைப் பூட்டி வையுங்க.