‘ரத்தம் குறைவு’ என்றால் மாத்திரை மட்டும் போதுமா?

ஈப்போ – பிள்ளை வெளிறிப்போய்ச் சோர்ந்திருந்தால் “ரத்தம் குறைவு” என்போம். அன்று தோட்டத்து டிரெஸர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையே இன்றும் பேராக்கில் பல குடும்பங்கள் நம்பியிருக்கின்றன. பல வேளைகளில் அது பலன் தரும். ஆனால் சிலருக்குக் குறை இரும்புச்சத்தில் இல்லை. பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் இருக்கிறது. தாலசீமியாவில் அப்புரதம் போதிய அளவு உருவாகாது. அரிவாள் செல் நோயில் அதன் அமைப்பே மாறியிருக்கும். இரண்டும் பரம்பரையாக வருபவை.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

முதலில் முழு ரத்தப் பரிசோதனை. சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருந்தால் சந்தேகம் எழும். இரும்புச்சத்துக் குறைவிலும் அப்படியே தெரியும் என்பதால், ஃபெரிட்டின் அளவையும் பார்க்கிறார்கள்.

அடுத்தது ஹீமோகுளோபின் பகுப்பாய்வு. ‘எலக்ட்ரோஃபோரெசிஸ்’ முறையில் ரத்த மாதிரியின் வழியே மின்சாரம் செலுத்தப்படும். மின்னேற்றம் வேறுபடுவதால் ஒவ்வொரு வகை ஹீமோகுளோபினும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து தனித்தனிக் கோடாக நிற்கும். அரிவாள் செல் ஹீமோகுளோபின் இப்படி வேறுவிதமாக நகர்வதை லைனஸ் பாலிங் குழு 1949-இல் காட்டியது. நீலகிரி மலைவாழ் மக்களிடம் அம்மரபுக்கூறு 1952-இல் கண்டறியப்பட்டது.

இன்று எச்.பி.எல்.சி. போன்ற கருவிகள் ஒவ்வொரு வகையின் விழுக்காட்டையும் கணக்கிடுகின்றன. ஏ2 ஹீமோகுளோபின் 4 விழுக்காட்டைத் தாண்டினால், அவர் பீட்டா தாலசீமியா மரபுக்கூறைச் சுமப்பவராக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு இந்த அளவைத் தாழ்த்திக் காட்டக்கூடும். ஆல்ஃபா தாலசீமியாவை உறுதிப்படுத்த மரபணுச் சோதனை தேவை.

திருமணத்திற்கு முன் ஏன்?

மரபுக்கூறைச் சுமப்பவர் நோயாளி அல்லர். பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். ஆனால் கணவன், மனைவி இருவருமே பீட்டா தாலசீமியா மரபுக்கூறைச் சுமந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தை நோயுடன் பிறக்க 25 விழுக்காடு வாய்ப்புண்டு. கடும் தாலசீமியா என்றால் மாதந்தோறும் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும்போது, இருவரிடமும் ஒரே கூறு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

மலேசியாவில் தாலசீமியா மலாய்க்காரர், சீனர்களிடம் அதிகம், இந்தியர்களிடம் குறைவு. அதற்காக நமக்கு வராது என்று இருந்துவிட முடியாது. நான்காம் படிவ மாணவர்களுக்கான பரிசோதனை 2016-இல் தொடங்கியது. பள்ளியிலிருந்து ஒப்புதல் பாரம் வந்தால், பெற்றோர் படித்துப் பார்த்துக் கையெழுத்திடலாம்.

மாத்திரை சாப்பிட்டும் ரத்த அளவு ஏறவில்லையா? அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில், “ஹீமோகுளோபின் பகுப்பாய்வு தேவைப்படுமா?” என்று கேளுங்கள்.