சட்டைப் பையில் சர்க்கரை

1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் இந்தியாவை 12 ரன்னில் தோற்கடித்த பாகிஸ்தான் அணிக்குச் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த அணியின் கேப்டன் வாசிம் அக்ரம் அப்போதே இன்சுலின் போட்டுக்கொண்டுதான் ஆடினார் என்பது பலருக்குத் தெரியாது. 1997-இல் அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. அதற்குப் பிறகும் வேகப்பந்து வீசி, 2003 உலகக் கோப்பையின்போது ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் எடுத்த முதல் ஆள் ஆனார்.

நம் வீடுகளில் 'சுகர்' என்று தெரிந்ததும், "உடம்பை அலட்டிக்காதீங்க" என்று உட்கார வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் விடிவதற்குள் வெறும் வயிற்றோடு பூங்காவுக்கு விரட்டுவார்கள். இரண்டாவது எவ்வளவோ மேல். ஆனால் இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

வேலை செய்யும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்திலுள்ள குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் ஒரு நாள்வரை அதன் பலன் இருக்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நடையை விடாதீர்கள் என்கிறார்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிப்போவதும் இதே காரணத்தால்தான். கை நடுங்கி, வியர்த்து, படபடத்தால் உடனே நின்றுவிட வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அதாவது சுமார் 15 கிராம், சாப்பிட்டுவிட்டு கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் வெறுங்காலோடு நடக்கிறார்களே, அது எனக்கு உடன்பாடில்லை. பாதம் மரத்துப்போனவருக்குக் கல் குத்தினாலும் தெரியாது. சின்னப் புண் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஷூ போட்டு நடக்கலாம். வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்த்துவிடலாம். காலை நடைக்கு வழியில்லாதவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவிலேயே நடந்தாலும், சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை மட்டுப்படும். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது தொடைக்கு நல்ல பயிற்சி. விழித்திரை பாதிப்பு இருந்தால் மட்டும், மூச்சடக்கிப் பாரம் தூக்க வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, எந்த நேரத்தில் நடக்கலாம், அன்று மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டு, மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கி வாருங்கள்.