பழைய கீசர் 25 லிட்டர் என்றால், புதுசும் 25 லிட்டரா? கூடங்குளம் பக்கம் கீசர் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வாளிக் கணக்கு!

மார்கழி பிறந்ததும்தான் கூடங்குளம், செட்டிகுளம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் கீசர் ஞாபகமே வரும். சுவிட்சைப் போட்டால் அடியில் ஒழுகும். பிளம்பர் வந்து பார்த்து, "டேங்க் ஓட்டை, மாத்திருங்க" என்பார். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி: "பழசு எத்தனை லிட்டர்?" அந்த இடத்தில்தான் பலர் தப்புப் பண்ணுகிறார்கள். கேட்க வேண்டியது, வீட்டில் காலையில் எத்தனை வாளி வெந்நீர் வேண்டும் என்பதை.

கணக்கு எளிது. நம்ம ஊர்க் குழாய்த் தண்ணீர் சுமார் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கீசர் அதை 60 டிகிரிக்குக் கொண்டுபோகும். குளிக்கத் தேவை 40 டிகிரிதான். அதனால் ஒரு லிட்டர் சுடுநீரில் ஒன்றரை லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீர் கலக்கலாம். 15 லிட்டர் கீசர் ஒருமுறை சூடானால் கணக்குப்படி 40 லிட்டர் வரும். எடுக்க எடுக்க உள்ளே பச்சைத் தண்ணீர் சேர்வதால் கையில் கிடைப்பது முப்பது சொச்சம். 15 லிட்டர் வாளியில் இரண்டு வாளி நிச்சயம். 2 கிலோவாட் எலிமென்ட் என்றால் சுமார் 17 நிமிடத்தில் அடுத்த டேங்க் தயார்.

ஆக, வாளி வைத்துக் குளிக்கும் நாலு பேர் வீட்டுக்கு 15 லிட்டர் போதும். ஷவரில் ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பவர்களுக்குத்தான் 25. ஒருவர், இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு 3 லிட்டர், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரே நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் இதமான வெந்நீர் தரும். நாலைந்து நிமிடத்தில் வாளி நிறையும். இதையே ஊட்டியில் 12 டிகிரித் தண்ணீரில் மாட்டினால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான்! லண்டன் ஃபிளாட்டுகளில் இருக்கும் தமிழர்கள் 24 கிலோவாட் 'காம்பி பாய்லர்' வைத்திருப்பதும் அதனால்தான். அங்கே குளிர்காலக் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும்.

பெரிதாக வாங்கினால் என்ன நஷ்டம்? 15 லிட்டரைச் சூடாக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல்; 25 லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். தினம் ஒருமுறை போட்டாலே இரண்டு மாத பில்லில் 20 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். அணு உலைக்குப் பக்கத்து ஊர் என்பதற்காக மீட்டர் மெதுவாக ஓடாது. இலவச யூனிட் போனபிறகு ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு.

சைஸைவிடப் பெரிய வில்லன், உப்புத் தண்ணீர். கடலோர போர் தண்ணீரில் எலிமென்டில் சுண்ணாம்பு படியும், டேங்க் அரிக்கும். கிளாஸ் லைனிங் உள்ள டேங்க்கா என்று கேளுங்கள். உள்ளே மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும், 'அனோடு' என்பார்கள். டேங்க்குக்குப் பதில் அது கரைந்துபோகும். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டதால்தான் பல வீடுகளில் டேங்க் ஓட்டையாகிறது.

பிரஷர் பம்ப் உள்ள குடியிருப்பு என்றால் 8 பார் அழுத்தம் தாங்கும் மாடலாகப் பாருங்கள். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், ஆர்.சி.சி.பி மூன்றும் வேண்டும். பழைய வயரிங் என்றால் எலெக்ட்ரீஷியன் பார்த்தபிறகே மாட்டுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிப்பது இன்னும் நல்லது.

கீசர் சூடாகும்போது சேஃப்டி வால்விலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் பயப்படாதீர்கள். விரிவடையும் தண்ணீரை அது வெளியேற்றுகிறது. ஒழுகுது என்று நினைத்து அந்த வாயை மூடி அடைத்தால், உள்ளே ஏறும் அழுத்தத்துக்குப் போக வழி இல்லாமல் டேங்க்கே வெடிக்கலாம். உப்பு படிந்தும் அது அடைத்துக்கொள்ளும். அதனால் அனோடு பார்க்க வரும் மெக்கானிக்கிடம், வால்வையும் ஒருமுறை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.