வரையாமல் விட்ட இடம்

1999-ல் ஜப்பானில் வெளியான 'மை நெய்பர்ஸ் தி யமதாஸ்' படத்தில் பெரிய கதை எதுவும் கிடையாது. அப்பா தகாஷி, அம்மா மத்சுகோ, பாட்டி ஷிகே, பையன் நொபோரு, சின்னவள் நொனோகோ, போச்சி என்ற நாய். நாளிதழில் வந்த நான்கு கட்டச் சித்திரத் தொடரிலிருந்து எழுந்துவந்த இந்தக் குடும்பத்தின் வீட்டுச் சச்சரவுகள்தான் 104 நிமிடங்களும். எந்த சானல் பார்ப்பது என்று கணவனும் மனைவியும் மல்லுக்கட்டுகிறார்கள். கடைக்குப் போன குடும்பம் சின்னவளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறது. இவை நடக்கும்போது திரையின் பெரும்பகுதி வெள்ளையாகவே இருக்கிறது. கோடு பாதியில் நிற்கிறது. நீர்வண்ணம் விளிம்பைத் தொடுவதற்குள் கரைந்துவிடுகிறது. குழந்தைகளுக்கான படங்களில் இன்று அருகிவிட்ட செல்வம் இந்த வெள்ளைதான்.

வேலையைக் குறைக்க விட்ட வெற்றிடம் என்று இதை நினைத்தால் அது தவறு. செல்லுலாய்டு தாளில் வண்ணம் பூசும் பழைய முறையை, இதைத் தயாரித்த ஸ்டூடியோ முற்றாகக் கைவிட்டு, முழுக்கக் கணினியில் எடுத்த முதல் முழுநீளப் படம் இது. கணினிக்கு ஒரு வடிவத்தை ஓரம் விடாமல் ஒரே சீராக நிரப்புவது எளிது. ஓரத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துவதுதான் பாடு. அதற்காக ஒவ்வொரு சட்டகத்துக்கும் மூன்று ஓவியங்கள் தேவைப்பட்டன: கண்ணில் படும் பென்சில் கோட்டுக்கு ஒன்று, வண்ணம் எதுவரை போகலாம் என்று காட்ட ஒன்று, மறைக்க வேண்டிய பகுதிக்கு ஒன்று. ஓவியங்களின் எண்ணிக்கை 1,70,000-ஐத் தாண்டியது. அவசரத்தில் கிறுக்கியது போன்ற தோற்றத்துக்குக் கொடுத்த விலை இது.

விலைக்கேற்ற பலனும் கிடைத்தது. தொடக்கத்தில் தம்பதி சறுக்குவண்டியில் ஏறித் திருமண கேக்கின் மேலிருந்து வழுக்கி இறங்குகிறார்கள். அது கடலாகிறது, வயலாகிறது. பிள்ளைகள் நாட்டார் கதைகளில் வருவதுபோலப் பீச் பழத்திலிருந்தும் மூங்கிலிலிருந்தும் வருகிறார்கள். தாள் வெறுமையாக இருப்பதால்தான் ஒரு காட்சி இன்னொன்றாக மாறுவது உறுத்தவில்லை. தெருவில் இரைச்சலிடும் மோட்டார் சைக்கிள் கும்பலைத் தட்டிக்கேட்க அப்பா போகும் கட்டத்திலோ, உருவங்கள் திடீரென நிஜ மனிதர்களின் அளவுக்கு வளர்ந்து, கோடுகள் இறுகிவிடுகின்றன. அதுவரை நம்மைச் சிரிக்கவைத்த மனிதரின் பயம் அங்கே நமக்கும் தொற்றிக்கொள்கிறது. முழுமையாக வரையத் தெரிந்தவர்கள், தேவையான இடத்துக்காக அதைச் சேமித்து வைத்திருந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். குடும்ப நகைச்சுவைக்கு இந்த அளவறிதல் மிக அவசியம். சோம்பலான அப்பாவின் முகம் நாலே கோட்டில் இருந்தால்தான் பார்ப்பவர் தம் வீட்டு முகத்தை அதில் பொருத்திக்கொள்ள முடியும்.

இன்றைய குழந்தைகளுக்கு நாம் தரும் படங்கள், விடுபட்டதை நிரப்பிக்கொள்ளும் இந்த வேலையைக் கண்ணிடமிருந்து பிடுங்கிக்கொள்கின்றன. முடியின் ஒவ்வோர் இழையும், இலையின் ஒவ்வொரு நரம்பும் வரைந்தே வருகின்றன. கற்பனை செய்ய எதையும் மிச்சம் வைக்காத படத்தைப் பார்த்து வளரும் பிள்ளை, காலித்தாளைக் கண்டால் மிரளாதா? யமதா குடும்பம் வசூலில் எதிர்பார்ப்பை எட்டவில்லையே, மக்கள் விரும்புவது நிறைவான காட்சியைத்தானே என்பார்கள். உண்மைதான்; இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே ஸ்டூடியோ தந்த 'பிரின்சஸ் மோனோனோகே' வசூலில் சாதனை படைத்திருந்தது. ஆனால் முதல் வாரக் கூட்டம் ஒரு பாணியின் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. யமதா குடும்பத்தை இயக்கியவரே 2013-ல் அதே வெள்ளைத்தாள் பாணியை இன்னும் துணிச்சலாகக் கையாண்டு எடுத்த 'தி டேல் ஆஃப் தி பிரின்சஸ் காகுயா' ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. குற்றம் கணினியுடையது என்றும் சொல்ல முடியாது. யமதா குடும்பமே கணினியில் பிறந்ததுதான். அந்தக் கருவியிடம் எதை நிரப்பச் சொல்கிறோம், எதை விட்டுவைக்கச் சொல்கிறோம் என்பது மனிதர் எடுக்கும் முடிவு. நிரப்புவது நாளுக்கு நாள் மலிவாகிவரும் காலத்தில், விட்டுவைக்கும் துணிவைப் படைப்பாளிகளிடம் நாம் கேட்டு வாங்க வேண்டும். பிள்ளைகளுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் பெற்றோரிடமிருந்து அந்தக் கோரிக்கை தொடங்கட்டும்.