ஓரியின் மலையில் ஒரு வில் நாள்



காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை மீது ஏறினால் செம்மேடு என்னும் ஊரை அடையலாம். அங்கே வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி எய்த அம்பு, யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பின்மேல் சென்று தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். ஆடி மாதந்தோறும் அரசு அங்கே ஓரிக்கு விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் நடைபெறுகிறது. அதைக் கண்ட மாணவர்கள், "ஐயா, நாங்களும் ஒரு நாள் எய்து பார்க்கலாமா?" என்று கேட்பதுண்டு. பார்க்கலாம். அதற்கு வேண்டிய ஏற்பாடு யாது என்பதே என் பேச்சின் பொருள்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியப் பணியேற்ற புதிதில் மாணவர்களுக்கு ஒரு வில் போட்டி நடத்தினேன். வில்லும் இலக்கும் தேடியவன், ஒழுங்குமுறையைத் தேட மறந்தேன். தன் அம்பை எடுக்க ஒரு சிறுவன் ஓடினான். அதே நொடியில் மற்றொருவன் நாணை விட்டான். அம்பு சிறுவனின் தோளருகே பறந்தது. யாருக்கும் காயமில்லை, ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கமும் இல்லை. எய்யக் கற்பிக்குமுன் நிறுத்தக் கற்பிக்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன்.

இடத்தைத் தேர்வதே முதல் வேலை. இலக்கின் பின்னால் உயர்ந்த மண்மேடு இருக்கவேண்டும். மலைப்பகுதியில் சரிவை நோக்கி எய்யலாகாது. கீழே ஒற்றையடிப் பாதையில் ஆளோ மாடோ வரக்கூடும். மூடுபனி இறங்கி இலக்கும் அதன் சுற்றுப்புறமும் தெளிவாகத் தெரியாவிட்டால், அந்த நொடியே எய்வதை நிறுத்திவிடவேண்டும்.

ஒலிம்பிக் போட்டியில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் நிற்கும். அதன் குறுக்களவு 122 சென்டிமீட்டர். புதியவர்க்கு 10 மீட்டர் தொலைவே போதும். எளிதில் இழுக்கக்கூடிய வில்லையே தரவேண்டும். கனத்த வில்லை இழுப்பவனின் தோள் நடுங்கும், குறி தவறும், ஊக்கமும் குன்றும். முன்கைக்குத் தோலுறையும், நாண் இழுக்கும் விரல்களுக்குக் காப்பும் வேண்டும். அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடலாகாது. அம்பு ஏற்கவேண்டிய விசையை வில்லே தாங்கி முறிந்துவிடும்.

எந்தக் கண்ணால் குறி பார்ப்பது? இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சிறு இடைவெளி அமைத்து, அதன் வழியே தொலைவிலுள்ள ஒரு மரத்தைப் பாருங்கள். பின்னர் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது மரம் மறைகிறதோ, அதுவே உங்கள் முதன்மைக் கண். அது வலக்கண்ணாயின் வலக்கையால் நாணை இழுங்கள். இடக்கண்ணாயின் இடக்கையால் இழுங்கள்.

இருபத்துநான்கு மாணவர் வந்திருப்பதாகக் கொள்வோம். அறுவராக நான்கு குழு அமையுங்கள். ஒரு குழு எய்யட்டும், அடுத்தது காப்புகளை அணிந்து ஆயத்தமாகட்டும், மூன்றாவது மதிப்பெண் குறிக்கட்டும், நான்காவது இளைப்பாறட்டும். ஒருவருக்கு மூன்று அம்பு. இப்படி முறை மாறினால் எவரும் சலிப்படைவதில்லை.

கட்டளைகள் விசில் ஒலியால் அமையட்டும். இரண்டு முறை ஒலித்தால் எய்யும் கோட்டிற்கு வருதல். ஒரு முறை ஒலித்தால் எய்தல். மூன்று முறை ஒலித்தால் வில்லை வைத்துவிட்டு அம்புகளை எடுக்கச் செல்லுதல். ஐந்து முறையோ அதற்கு மேலோ ஒலித்தால் உடனே நிறுத்துதல். பன்னாட்டுப் போட்டிகளிலும் வழக்கம் இதுவே. விசில் ஒருவரிடம் இருக்கட்டும்; ஆனால் "நிறுத்து" என்று கூவும் உரிமை அங்குள்ள கடைசி மாணவனுக்கும் உண்டு. அம்பைப் பிடுங்கும்போது அதற்கு நேர் பின்னால் எவரும் நிற்கவேண்டாம். பிடுங்குபவன் கை வேகமாகப் பின்னோக்கி வரும்.

வானில் பறக்கும் தட்டைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டையும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். களிமண் தட்டு என்று பெயர் வழங்கினாலும், சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து செய்த 110 மில்லிமீட்டர் தட்டே அது. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டில் பங்கேற்றார். துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் உண்டு. ஆதலால் முறையான சுடுதல் சங்கங்களில், பயிற்சியாளரின் மேற்பார்வையில் மட்டுமே அதைப் பயிலவேண்டும். அங்கும் முதற்பாடம் இதுவே: கட்டளை வரும்வரை காத்திரு, நிறுத்தச் சொன்னால் நிறுத்து.

ஓரியின் அம்பு எத்தனை விலங்குகளைத் துளைத்தது என்பதைப் புலவர் பாடிவிட்டார். உங்கள் வில் நாளின் வெற்றியை அம்புகள் தைத்த எண்ணிக்கையால் அளவிடாதீர்கள். மாலையில் தலைகளை எண்ணுங்கள். காலையில் வந்த இருபத்துநான்கு பேரும் காயமின்றி, சிரித்த முகத்தோடு பேருந்தில் ஏறினால், அந்த நாள் வென்றது.